நாலரை இஞ்ச்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
என் அலுவலகம்.
படியேறி வந்தவர்கள் கும்பிட்டார்கள்.
பிறகு ஒரு நோட்டை விரித்து என் பக்கம் திருப்பினார்கள்:
"இடம் செம்மண்டலம். முப்பதுக்கு நாற்பது.
எங்க ரெண்டு பேருக்கும் காது கேட்காது.
பாப்பாவுக்குக் கேட்கும். வயசு நாலு."

இருபது வருடமாக நான் போட்ட பிளான் எல்லாம்
கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்குள்தான் இருந்திருக்கிறது.
எனக்கே அன்றுதான் தெரிந்தது.
சமையலறை "ஏங்க" என்றால்
ஹால் திரும்பிப் பார்க்கும்.
குளியலறை "துண்டு" என்றால்
துண்டு வரும்.
சுவரை நம்பி அல்ல,
சுவரைத் தாண்டும் குரலை நம்பி
வீடு கட்டிக்கொண்டிருந்தேன்.

இளம்பரிதிக்கு லாரன்ஸ் ரோட்டில் செல்போன் ரிப்பேர்.
என் பென்சிலை வாங்கி
சமையலறைச் சுவரை அடித்தான்.
ஹாலுக்கும் வாசலுக்கும் குறுக்கே நின்றதை அடித்தான்.
பிறகு எழுந்துபோய் என் மேற்கு ஜன்னலை மறைத்து நின்று
மூன்று மணி வெயிலுக்கு முதுகைக் கொடுத்து
கைகளால் என்னவோ சொன்னான்.
இரண்டு கறுப்பு அசைந்தது, அவ்வளவுதான்.
சுடர்க்கொடி எழுதினாள்:
"பார்த்தீங்களா, பேச்சு கருகிடுச்சு."

ஜன்னல் வடக்கே போனது.
நடை ஐந்தரை அடி ஆனது,
ரெண்டு பேர் பக்கம் பக்கமாக
நடந்துகொண்டே பேச.
எதிரே வரும் காலடி கேட்காதவர்கள்
மோதிக்கொள்ளாமலிருக்க
மூலைகள் வளைந்தன.
வெள்ளையடிக்க வேண்டாம்,
மாநிறக் கைகள் எடுப்பாய்த் தெரிய
மயில்கழுத்து நீலம்.
படுக்கையறைத் தரை மட்டும் பலகை:
தானே புயலில் சாய்ந்த பண்ருட்டிப் பலா,
மரக்கடையில் பன்னிரண்டு வருடம் கிடந்தது.
பாப்பா ஓடிவந்து காலை உதைத்தால்
கட்டிலில் தெரியும்.
நடை நெடுக இன்வெர்ட்டரில் எரியும் பட்டை விளக்கு.
புயல் என்றால் நமக்குக் காற்றின் சத்தம்.
அவர்களுக்கு,
கரண்ட் போய் ஒருவர் கை ஒருவருக்குத் தெரியாமல் போவது.

மேஸ்திரி தெய்வசிகாமணி பிளானைத்
தலைகீழாகவும் பார்த்தார்.
"அக்கினி மூலையில சுவரே காணமேம்மா.
வீடா, கல்யாண மண்டபமா?"

எனக்குப் பெருமைதான்.
எங்கே நின்றாலும் எல்லோரும் எல்லோருக்கும் தெரியும் வீடு.
இனி வரும் வீடெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று
பொறியாளர் சங்கக் கூட்டத்தில் பேச
நாலு வரி எழுதிக்கூட வைத்திருந்தேன்.

கையெழுத்துப் போடும் அன்று
சுடர்க்கொடி மட்டும் வந்தாள்.
அடுப்பு மேடையிலிருந்து பாப்பாவின் கட்டில் வரை
விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
எங்கும் தடுக்கவில்லை.
நோட்டைத் திறந்தாள்.
"ஒரு சுவர் வேணும்."

ஏன் என்று எழுதினேன்.
பதிலுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது:
"நீங்க சண்டைன்னா குரலைத் தாழ்த்திக்குவீங்க.
கடன் பேச்சுன்னா கிசுகிசுப்பீங்க.
நாங்க எவ்வளவு சின்னதா கையை அசைச்சாலும்
அவ படிச்சிடறா.
இந்த வீட்டுக்கு எவ்வளவு லோன்னு
எல்.கே.ஜி. மிஸ்ஸுக்கே தெரியும்."

நான் சிரித்துவிட்டேன்.
அவளும் சிரித்தாள், சத்தமாக.
கீழேயிருந்து ஜெராக்ஸ் பையன் எட்டிப் பார்த்தான்.

பெரியவர்கள் கட்டிலின் கால்மாட்டில்
ஆறடி நீளம், நாலரை இஞ்ச்.
மேலே பீம் இல்லை,
ஸ்விட்ச் இல்லை, ஆணியடிக்கக்கூட இல்லை.
நீலப் பெட்டிக்குள் அந்த ஒன்றுதான் கண்ணை மறைக்கும்.

கல் எடுத்த மேஸ்திரி நின்றுவிட்டார்.
"இது எதைத் தாங்குதும்மா?"

அந்த நோட்டுப் பக்கம் என் கைப்பையில்தான் இருந்தது.
பாப்பா மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.
"கட்டுங்கண்ணே" என்றேன்,
கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.